முள் சொல்வது நிஜமா?

எடுத்த எடுப்பிலேயே ஒரு கெட்ட சேதி. உங்கள் பைக்கின் ஸ்பீடோமீட்டர் உங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை இல்லையா? பின் சீட்டில் வருகிற நண்பரிடம் போனைக் கொடுத்து ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். (நீங்க ரோட்டைப் பாருங்க பாஸ்!) முள் 60-ஐத் தொடும்போது போன் பெரும்பாலும் 55, 56 என்றுதான் சொல்லும்.

கம்பெனிக்காரர்கள் ஏமாற்றுகிறார்களா? இல்லை. பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஐ.நா. விதி ஒன்று இருக்கிறது. வண்டி ஓடுகிற நிஜ வேகத்தைவிடக் குறைவாக ஸ்பீடோமீட்டர் காட்டவே கூடாது. கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பரவாயில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். ரோட்டில் ஆளைக் கொல்வது அதிக வேகம். அதனால் முள் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னால் நமக்குத்தான் நல்லது.

இதே முள்ளை ஒரு குட்டி விமானத்துக்குள் கொண்டுபோய் வையுங்கள். கதையே தலைகீழ்! அங்கே ஆளைக் கொல்வது குறைந்த வேகம். ஒரு அளவுக்குக் கீழே வேகம் குறைந்தால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது. 'ஸ்டால்' என்பார்கள். முள் பத்து மைல் கூடுதலாகக் காட்டினால், 'இன்னும் பத்து கையில் இருக்கே' என்று பைலட் நம்பிக்கொண்டிருப்பார். கையில் ஒன்றும் இருக்காது.

ஆக, அந்த முள்ளை உண்மை பேச வைக்க ஒரு ஆள் வேண்டும். இந்த வாரம் நாம் எட்டிப் பார்க்கப்போவது அந்த ஆளின் வேலையைத்தான். அதிலும் ஒரு ஸ்பெஷல் கேஸ்: வயலுக்கு மருந்தடிக்கிற சின்ன விமானத்தின் காக்பிட் மீட்டர்களைப் பராமரிக்கிற வேலை.

மருந்தடிக்கிற பிளேன்

முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து மருந்தடிப்பதைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். பல நூறு ஏக்கர் ஒரே துண்டாகக் கிடக்கிற அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் மாதிரி நாடுகளில் அது நடக்கிற காரியமா? அங்கே விமானம்தான். ஆரம்பம் 1921 ஆகஸ்ட் 3. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர்ப் பக்கம், ஒரு தோப்பை மொட்டையடித்துக்கொண்டிருந்த புழுக்களின் மேல் ராணுவ பைலட் ஜான் மெக்ரெடி விமானத்திலிருந்து விஷப் பொடியைத் தூவினார். இன்றைக்கு உலகம் பூரா பறக்கிற டெல்டா ஏர்லைன்ஸ்கூட 1920-களில் பருத்திக்கு மருந்தடிக்கிற கம்பெனியாகப் பிறந்ததுதான். கலிஃபோர்னியாவில் தண்ணீர் கட்டின வயலில் நெல் விதையையே விமானத்தில்தான் தூவுகிறார்கள் என்றால் பார்த்துக்கோங்க!

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. ஹெச்.ஏ.எல். நிறுவனம் 'பசந்த்' என்ற வேளாண் விமானத்தைத் தயாரித்தது. 400 குதிரைத் திறன் எஞ்சின். 1980 வரை சுமார் 40 விமானங்கள் செய்து, அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த விமானங்களின் பிழைப்பு கொஞ்சம் வித்தியாசமானது. பயிருக்கு மேலே பத்தடி உயரத்தில், மணிக்கு நூறு மைலுக்கு மேல் வேகத்தில் நேர்க்கோடாக ஒரு ஓட்டம். வயல் முடிந்ததும் சர்ரென்று மேலே ஏறி, சாய்ந்து திரும்பி, அடுத்த வரிசை. தொட்டி காலியானால் புல்தரையில் இறங்கி, நிரப்பிக்கொண்டு மறுபடி. ஒரு நாளில் டஜன் கணக்கில் ஏற்றமும் இறக்கமும் நடக்கும். 'ஏர் டிராக்டர் ஏடி-802' என்ற பெரிய ரகத்தின் தொட்டி சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். கிளம்பும்போது முதுகில் மூன்று டன். திரும்பும்போது பூஜ்யம்.

இங்கேதான் நம்ம முள் வருகிறது. எடை கூடினால் ஸ்டால் வேகமும் கூடும். சாய்ந்து திரும்பினாலும் கூடும். 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் ஸ்டால் வேகம் 41 சதவீதம் எகிறிவிடும். நேராகப் பறக்கும்போது 70 மைலில் விழாத விமானம், அந்தத் திருப்பத்தில் கிட்டத்தட்ட 99 மைலிலேயே விழும். கீழே இருப்பதோ சில நூறு அடி. சுதாரிக்க நேரம் கிடையாது.

இன்னொரு விஷயம். பத்தடி உயரத்தில் மின்கம்பியும் மரமும் எதிரே வரும்போது பைலட் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கண் வெளியேதான் இருக்கும். மீட்டருக்குக் கிடைப்பது அரை விநாடிப் பார்வை. 'இது சரியா காட்டுதா?' என்று யோசிக்க அந்த அரை விநாடியில் இடமில்லை. அந்த யோசனையை முதல் நாள் சாயங்காலமே ஹேங்கரில் வேறொருவர் யோசித்து முடித்திருக்க வேண்டும்.

காற்றைக் கேட்கும் இரண்டு காதுகள்

பைக்கில் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி வேகம் சொல்லலாம். ஆகாயத்தில் எதை எண்ணுவது? அதனால் விமானம் காற்றைக் கேட்கிறது. அதற்கு இரண்டு காதுகள்.

ஒன்று, முன்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாய். எதிர்க்காற்று இதற்குள் வந்து மோதும். வேகம் கூடினால் மோதல் அழுத்தமும் கூடும். இன்னொன்று ஸ்டாட்டிக் துளை. காற்று நேராக வந்து மோதாத இடமாகப் பார்த்து வைத்த சின்ன ஓட்டை. சுற்றியிருக்கிற காற்றின் சாதாரண அழுத்தத்தை மட்டும் இது உள்ளே சொல்லும்.

மீட்டருக்குள் மெல்லிய உலோகத் தகட்டில் செய்த ஒரு குப்பி இருக்கும். எண்ணெயில் போட்ட பூரி மாதிரி அது உப்பும், சுருங்கும். வேகமானியில் குப்பிக்கு உள்ளே பிட்டாட் அழுத்தம், வெளியே ஸ்டாட்டிக் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகம். உயரமானியில் காற்றை உறிஞ்சி மூடிய குப்பி. மேலே போகப் போகச் சுற்றியுள்ள அழுத்தம் குறைந்து, குப்பி உப்பும். தரைக்குப் பக்கத்தில் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய 30 அடி ஏறியிருக்கிறோம் என்று அர்த்தம். உங்கள் போனில் பாரோமீட்டர் இருந்தால் ஹாஸ்டல் மாடிப்படி ஏறிப் பாருங்கள். மூன்று மாடிக்கு ஒரு மில்லிபார் குறைவது கண்ணெதிரே தெரியும்.

ஆக, இரண்டு ஓட்டை, கொஞ்சம் ரப்பர் குழாய், ஒரு தகட்டுக் குப்பி. அவ்ளோதான்! இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்கிறீர்களா? மருந்து விமானத்தில் எல்லாமே இருக்கிறது. யூரியாத் தூசி, கந்தகப் பொடி, உலோகத்தை அரிக்கும் ரசாயனம், புல்தரை ஓடுபாதையின் குலுக்கல், தினசரி தண்ணீர்க் குளியல். இது போதாதென்று ஒரு பூச்சியும் உண்டு.

குளவி வந்தால்...

வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டினால் 'வீட்ல விசேஷம் வரப்போகுது' என்று பாட்டி சொல்லியிருப்பார். விமானத்தில் கட்டினால் வருவது வேறு விசேஷம். பென்சில் பருமனில் ஒரு ஓட்டை என்றால் குளவிக்கு அது ரெடிமேட் வீடு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் 2013 நவம்பரில் ஒரு பெரிய பயணிகள் விமானம் தரையில் நின்றது சுமார் இரண்டே மணி நேரம். அதற்குள் ஒரு பிட்டாட் குழாயை மண் அடைத்துவிட்டது. கிளம்பின விமானம் வேகம் சரியாகத் தெரியாமல் திரும்பி வந்து இறங்கியது. பெரிய நிலையத்திலேயே இந்தக் கதி. வயலை ஒட்டிய தகரக் கொட்டகையில் ராத்திரி பூரா நிற்கிற குட்டி விமானத்தைக் கேட்கவே வேண்டாம்.

அடைப்பில் இரண்டு வகை உண்டு. பிட்டாட் குழாயின் முன்வாய் மட்டும் அடைத்து, அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துளை திறந்திருந்தால் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இது நல்ல அடைப்பு! பறக்கிற விமானத்தில் வேகம் பூஜ்யம் என்றால் மீட்டர் போச்சு என்று குழந்தைக்குக்கூடப் புரியும்.

இரண்டும் அடைத்துக்கொண்டால்தான் வில்லங்கம். காற்று உள்ளே சிறைப்பட்டுவிடும். முள் சாகாது. உயிரோடு இருப்பது மாதிரியே நடிக்கும். விமானம் மேலே ஏறினால் வெளி அழுத்தம் குறையும், குப்பி உப்பும், 'வேகம் கூடுது' என்று முள் ஏறும். நிஜத்தில் வேகம் குறைந்துகொண்டே இருக்கலாம்.

1996 பிப்ரவரி 6-ல் டொமினிகன் குடியரசின் புவர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பர்கன் ஏர் போயிங் 757-க்கு நடந்தது இதுதான். உறை போடாமல் பல நாள் தரையில் நின்றிருந்த விமானம். ஒரு பிட்டாட் குழாய் அடைத்திருந்தது. பெரும்பாலும் குளவிக் கூடாக இருக்கும் என்று புலனாய்வாளர்கள் கருதினார்கள். உயரம் ஏற ஏற கேப்டனின் முள்ளும் ஏறியது. வேகம் மிஞ்சிவிட்டதென்று எஞ்சினைக் குறைத்தார்கள். விமானம் ஸ்டால் ஆகிக் கடலில் விழுந்தது. 189 பேர்.

இத்தனைக்கும் பக்கத்து மீட்டர்கள் சரியாகத்தான் வேலை செய்தன. எது பொய், எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க நேரம்தான் கிடைக்கவில்லை. நம்ம மருந்து விமானத்தில் பக்கத்து மீட்டரும் கிடையாது, பக்கத்து பைலட்டும் கிடையாது. ஒரே ஆள், ஒரே முள்.

குளிப்பாட்டும்போது ஜாக்கிரதை

மருந்து விமானத்தை நன்றாகக் கழுவியே ஆக வேண்டும். ஒட்டியிருக்கும் ரசாயனம் அலுமினியத்தைத் தின்றுவிடும். மீட்டர் பலகையைக் கழற்றப்போகும் மெக்கானிக்கின் தோலுக்கும் மூச்சுக்கும் அது விஷம். கையுறை போடாமல் தொட மாட்டார்கள்.

கழுவும்போது அந்த இரண்டு காதுகளிலும் தண்ணீர் போகக் கூடாதே? அதனால் மூடுவார்கள். மூடுவது பிரச்னையில்லை. திறக்க மறப்பதுதான் பிரச்னை.

அதே 1996, அக்டோபர் 2. பெருவின் லிமாவில் ஒரு போயிங் 757-ஐச் சுத்தம் செய்தபோது ஸ்டாட்டிக் துளைகள் மேல் டேப் ஒட்டினார்கள். வெள்ளி நிற உடம்பில் வெள்ளி நிற டேப். வேலை முடிந்தும் எடுக்கவில்லை. பறப்பதற்கு முன் சுற்றிவந்து பார்த்தவர்கள் கண்ணிலும் படவில்லை. ராத்திரி. கீழே கருங்கடல். உயரமும் வேகமும் வாய்க்கு வந்ததைச் சொல்ல, ஏரோபெரு 603 பசிபிக்கில் மோதியது. 70 பேர். ஒரு சாண் டேப்!

பெரிய விமானத்தின் கதையைக் குட்டி விமானத்துக்கு ஏன் சொல்கிறேன் என்றால், அந்த விமானம் கழுவப்படுவது எப்போதாவது. மருந்து விமானத்துக்கு அது அன்றாடக் குளியல். டேப்பை மறக்கும் வாய்ப்பும் அன்றாடம். அதனால்தான் கண்ணைப் பறிக்கும் சிவப்பில், நீளமாகத் தொங்கும் நாடாவோடு உறைகள் வைத்திருப்பார்கள். 'பறக்கும் முன் அகற்று' என்று அதில் எழுதியிருக்கும். நல்ல மெக்கானிக் ஞாபகசக்தியை நம்ப மாட்டார். எண்ணிக்கையை நம்புவார். மூன்று மாட்டினேன், மூன்று கழற்றினேன், மூன்றும் இதோ கையில்.

வாயால் ஊதாதே!

பேனா எழுதவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? ஒரு ஊது! பிட்டாட் குழாய் அடைத்திருக்கிறதே என்று அதையே செய்தால் வேலைக்கு வேட்டு. ஊதிய காற்று நேராகப் போய் மீட்டருக்குள் இருக்கும் மெல்லிய பூரியைக் கிழித்துவிடும், அல்லது வளைத்துவிடும். வளைந்த பூரி இன்னும் மோசம். வேலை செய்யும், ஆனால் தப்பாக வேலை செய்யும். ஆகவே சட்டம் இதுதான்: முதலில் மீட்டர்களின் குழாயைக் கழற்று. பிறகுதான் லைனில் காற்றடி.

அடைப்பு ஒரு பக்கம் என்றால், ஒழுகல் இன்னொரு பக்கம். ரசாயன ஆவி பட்டுப் பட்டு பலகைக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாய் காய்ந்து, முறுக்கு மாதிரி வெடிக்கும். ஸ்டாட்டிக் குழாய் காக்பிட்டுக்குள்ளேயே வெடித்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்குப் பதில் காக்பிட் காற்றின் அழுத்தம் மீட்டருக்குப் போகும். சின்ன விமானங்களில் பறக்கும்போது அது பெரும்பாலும் வெளியைவிடக் கொஞ்சம் குறைவு. விளைவு? உயரமும் வேகமும் நிஜத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். முதலில் பார்த்தோமே, ஆளைக் கொல்கிற பக்கத்துப் பொய், அதேதான்!

இதைக் கண்டுபிடிக்க அழகான ஒரு சோதனை உண்டு. விமானம் தரையிலேயே நிற்கும். ஸ்டாட்டிக் துளையில் பம்பை மாட்டி, உயரமானி ஆயிரம் அடி கூடுதலாகக் காட்டும்வரை மெதுவாகக் காற்றை உறிஞ்சுவார்கள். பிறகு பம்பை மூடிவிட்டு ஒரு நிமிடம் கைகட்டிக் காத்திருப்பார்கள். முள் நூறு அடிக்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அப்புறம் ஒவ்வொரு இணைப்பாகத் தேட வேண்டியதுதான். ஒரு நிமிட வேலை, அரை நாள் தேடல்!

எஞ்சின் பக்கத்து முட்கள்

திருவிழாவில் ஊதினால் சுருள் பிரிந்து நீளும் பீப்பீ ஞாபகம் இருக்கா? பழைய ஆயில் பிரஷர் மீட்டருக்குள் இருப்பது அதன் உலோக அண்ணன். வளைந்த குழாய்க்குள் எஞ்சின் ஆயில் அழுத்தம் வந்ததும் வளைவு நிமிரும், முள் நகரும். அதாவது எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் காக்பிட் வரைக்கும் ஆயிலைக் கொண்டுவருகிறது. அதிர்வில் அந்தக் குழாய் எங்காவது உரசித் தேய்ந்தால், சூடான ஆயில் பைலட் காலடியில். அதனால் உரசும் இடத்தைத் தடவிப் பார்ப்பது ஒவ்வொரு ஆய்விலும் உண்டு.

சிலிண்டர் தலையின் சூட்டைச் சொல்லும் மீட்டருக்கு தெர்மோகப்பிள். இதைப் பிசிக்ஸ் லேபில் பார்த்திருப்பீர்கள். பழைய வகை மீட்டர்களில் ஒரு தமாஷ். ஒயர் நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடக் கூடாது. ஒயரின் மின்தடையையும் சேர்த்துத்தான் அந்த மீட்டரை அளவு செய்திருப்பார்கள். நீளம் மாறினால் சூடும் மாறும். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டிவைப்பதுதான் சரி. பார்க்க அசிங்கம், ஆனால் உண்மை.

எஞ்சின் சுழற்சியைச் சொல்லும் பழைய இயந்திர டேக்கோமீட்டருக்குள் ஒரு காந்தம் இருக்கும். வயதானால் காந்தம் சோர்ந்து, முள் குறைவாகக் காட்டும். பைலட் சிவப்புக் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறேன் என்று நினைப்பார். எஞ்சின் அதைத் தாண்டிப் போயிருக்கும். அதனால் அவ்வப்போது விமானத்தை வெயிலில் நிறுத்தி, சுழலும் புரொப்பெல்லர் இலைகளை ஒளியால் எண்ணும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

திசைகாட்டி சாதாரண காந்த ஊசிக் குடும்பம்தான். பக்கத்தில் புதிதாக ஒரு ஸ்பீக்கர் வைத்தாலோ, இரும்பு ஸ்க்ரூ ஒன்றை மாற்றிப் போட்டாலோ மனம் மாறிவிடும். அதனால் காக்பிட்டில் புதிதாக எதை மாட்டினாலும் விமானத்தை வட்டமாகத் திருப்பித் திருப்பி நிறுத்தி, 30 டிகிரிக்கு ஒரு முறை பிழை எவ்வளவு என்று எழுதி, அந்தச் சீட்டைப் பக்கத்திலேயே ஒட்டுவார்கள். எனக்குப் பிடித்தது இந்தச் சீட்டுதான். 'நான் இந்தப் பக்கம் நாலு டிகிரி தப்பு' என்று தன் தப்பைத் தானே நெற்றியில் ஒட்டிக்கொண்டு பறக்கிற கருவி வேறு எது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் ஸ்டியர்மேன் என்ற பயிற்சி விமானங்களை மலிவாக விற்றது. ஏராளமானவை மருந்தடிக்கப் போயின. அந்தக் காலத்து மீட்டர்கள் பலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் பூச்சு அடித்திருப்பார்கள். இன்று அவை ஒளிர்வதில்லை. 'சரி, செத்துப்போச்சு' என்று கண்ணாடியைத் திறந்து சுரண்டினால் ஆபத்து. தேய்ந்துபோனது ஒளிரும் பொருள் மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருடம். அது அப்படியே இருக்கிறது.

நகர்ந்த கண்ணாடி

இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விடச் சூட்சுமம். மீட்டரில் பச்சை வளைவு, மஞ்சள் வளைவு, சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். பச்சைக்குள் முள் இருந்தால் நிம்மதி. சில மீட்டர்களில் இந்த நிறங்களை உள்ளே எண் பலகையில் போடாமல் மேலே கண்ணாடியில் பூசியிருப்பார்கள். குலுங்கிக் குலுங்கிக் கண்ணாடி கொஞ்சம் திரும்பிவிட்டால்? முள் சரி, எண் சரி, குப்பி சரி. ஆனால் சிவப்புக் கோடு இடம் மாறி நிற்கும். யாருமே பொய் சொல்லவில்லை, ஆனாலும் பொய்!

இதற்கு மருந்து ஒரு சொட்டு வெள்ளை பெயின்ட். கண்ணாடி விளிம்பிலிருந்து மீட்டரின் உடம்பு வரை குறுக்கே ஒரு சின்னக் கோடு. கோடு நேராக இருந்தால் கண்ணாடி நகரவில்லை. உடைந்து நின்றால் நகர்ந்துவிட்டது. ஒரு கருவியின் நாணயத்துக்கு ஜாமீன், கால் இன்ச் பெயின்ட்.

அதான் ஜி.பி.எஸ். இருக்கே?

கேட்பீர்கள் என்று தெரியும். 1990-களிலிருந்தே மருந்து விமானங்களில் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. முன்பெல்லாம் வயலில் ஆள் நின்று கொடி பிடித்து வரிசை காட்டுவார். இப்போது பைலட் கண்ணெதிரே ஒரு விளக்கு வரிசை 'இடப்பக்கம் வா, வலப்பக்கம் போ' என்கிறது. வேகமும் அதிலேயே தெரியும். ஆனால் அது தரையின் மேல் போகிற வேகம். இறக்கைக்கு வேண்டியது காற்றுக்குள் போகிற வேகம்.

ஒரு கணக்கு. காற்றுக்குள் விமானத்தின் வேகம் 100 மைல். எதிர்க்காற்று 15 மைல். ஜி.பி.எஸ். 85 காட்டும். திரும்பிக் காற்றோடு பறந்தால் 115 காட்டும். 'அடடா, அதிகமா போறோமே' என்று பைலட் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்து 100-க்குக் குறைத்தால், இறக்கைக்குக் கிடைப்பது 85 மட்டுமே. அதுவும் சாய்ந்து திரும்புகிற நேரத்தில்! ஜி.பி.எஸ். பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதனால்தான் செயற்கைக்கோள் யுகத்திலும் அந்தப் பழைய ஓட்டைக் குழாய்க்கு ஓய்வில்லை.

யார் தொடலாம்?

ஆசையாக இருக்கிறதா? நம் நாட்டில் விமானப் பராமரிப்புக்கு டி.ஜி.சி.ஏ. தரும் ஏ.எம்.இ. லைசென்ஸ் வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் இதற்கான படிப்பில் சேரலாம். பி-1 என்றால் முக்கியமாக எஞ்சினும் உடம்பும். பி-2 என்றால் மின்சாரம், மின்னணுவியல், கருவிகள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் தொடங்கியபோதே விமானப் பொறியியலுக்குப் பக்கத்தில் கருவி நுட்பத்தையும் தனிப் படிப்பாக வைத்தது சும்மா இல்லை.

ஒரு எல்லைக்கோடும் உண்டு. அமெரிக்க விதிப்படி சாதாரண விமான மெக்கானிக் மீட்டரைச் சோதிக்கலாம், கழற்றலாம், மாட்டலாம். திறந்து ரிப்பேர் செய்யக் கூடாது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். 'எனக்குத் தெரியும், திறந்து பார்த்துடறேன்' என்ற துறுதுறுப்புக்கு இங்கே மரியாதை இல்லை.

அதேபோல இன்னொரு விதி. கெட்டுப்போன மீட்டர் கட்டாயம் தேவையான வகையாக இருந்தால் விமானம் பறக்கக் கூடாது. தேவையில்லாத வகை என்றால் பறக்கலாம். ஆனால் ஒன்று அதைக் கழற்றிவிட வேண்டும், அல்லது செயலிழக்கச் செய்ய வேண்டும். எப்படியானாலும் 'இயங்கவில்லை' என்று பார்வையில் படுகிற மாதிரி எழுதி ஒட்ட வேண்டும். இதில் வெட்கம் எதுவும் கிடையாது. சீட்டு ஒட்டிய மீட்டரால் யாரும் சாக மாட்டார்கள். சீட்டு ஒட்டாமல் விட்ட மீட்டர்தான் சாகடிக்கும்.

இதையெல்லாம் செய்து முடித்ததும் மெக்கானிக் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மறுநாள் விடியற்காலை பைலட் வருகிறார். அவர் அந்த ஒரு நிமிடச் சோதனையைக் கண்ணால் பார்த்ததில்லை. குழாயைத் தடவிப் பார்த்ததில்லை. அவருக்கு இருப்பது அந்த வரியும் அந்தக் கையெழுத்தும்தான். அதை நம்பி மூன்று டன்னைத் தூக்கிக்கொண்டு பத்தடி உயரத்துக்குப் போகிறார்.

இப்போது நம்ம லேபுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மத்தியானம், ரெக்கார்டு நோட்டு, பத்து ரீடிங். நாலு எடுத்தாச்சு. மிச்சம் ஆறையும் சீனியர் நோட்டிலிருந்து 'அட்ஜஸ்ட்' பண்ணினால் கிராஃப் அழகாக நேர்க்கோட்டில் வரும். சாரும் டிக் போட்டுவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை, சரிதான். ஆனால் பாஸ், ஹேங்கரில் அந்த ஒரு நிமிடம் கைகட்டிக் காத்திருக்காமலேயே 'ஒழுகல் இல்லை' என்று எழுதுகிறவரும் ஒரு நாளில் திடீரென்று அப்படி ஆகிவிடுவதில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது எங்கோ ஒரு நோட்டில்தான் கை பழகியிருக்கும்.

அடுத்த பிராக்டிகலில் ஒன்று செய்து பாருங்கள். மீட்டரைக் கையில் வாங்கியதும் முதலில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையா? எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று நோட்டின் மேல் ஓரத்தில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். பத்தும் நீங்களே எடுங்கள். கிராஃப் கோணல்மாணலாக வந்தால் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். சார் திட்டினால்? திட்டட்டுமே!